ஞாயிற்றுக்கிழமைச் சக்கரங்கள்

மச்சான்,

போன வாரம் வில்லியனூரில் ஒரு டயர் கடையில் நான் டயருக்குள் விழுந்துவிட்டேன். சிரிக்காதே. புது டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஓர் அட்டையைப் போட்டு வைத்திருந்தார்கள். என் கண்ணுக்கு அது ஸ்டூல் மாதிரித் தெரிந்தது. பெண்ணோடு வந்த அப்பன் என்கிற தோரணையில் துண்டால் தூசியைத் தட்டிவிட்டு, கால்மேல் கால் போடலாம் என்று உட்கார்ந்தேன். அட்டை மடங்கியது. இடுப்பு உள்ளே போய்விட்டது. முழங்கால் இரண்டும் மூக்குக்கு நேராக வந்து நின்றன.

"அப்பா, அசையாத. மொதல்ல வேட்டியப் புடி," என்றாள் நம்ம பாப்பா.

ஒரு கையை அவளும் மறு கையைக் கடைக்காரரும் பிடித்து இழுத்தார்கள். "பதினஞ்சு இஞ்சு ரிம்மு மாதிரி கரெக்டா உக்காந்துட்டீங்க பெரியவரே, காத்து மட்டும்தான் அடிக்கணும்," என்றார் அவர். கடையே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தக் குழிக்குள் கிடந்தபோது புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் சட்டையில் அடிக்கிற வாசனை. வெளியே வந்த பிறகும் நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, இடுப்பில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டேன். வேறென்ன சொல்வது அவர்களிடம்?

உனக்கு விவரம் சொல்ல வேண்டும். பாப்பாவும் இப்போது திருபுவனைக்குத்தான் வேலைக்குப் போகிறாள். நீ வேலை பார்த்த கம்பெனி இல்லை, வேறு. செய்து முடித்த சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தள்ளிவைக்கிற வேலை. வீட்டிலும் அதையேதான் செய்கிறாள், என் சமையல் உட்பட. உன்னுடைய சிவப்பு வண்டி மாதிரியே ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருக்கிறாள். "சேப்பு மட்டும் வாணாம்" என்று உன் அக்கா சொன்ன ஒரே வார்த்தைக்காக வெள்ளையில் வாங்கினாள். உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் போய், அங்கிருந்து விழுப்புரம் ரோட்டில் ஏறித் திருபுவனை. நீ போன அதே வழி. வேறு வழி ஏது?

அது மட்டுமென்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் கரிக்கலாம்பாக்கத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

நீ என்னை முதலில் அங்கே கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? நெல் விளைந்த பூமியை மேடாக்கி, தார் ரோடு போட்டு, வாசலில் பெரிய வளைவு கட்டி மனைகளாகப் பிரித்திருந்தார்கள். வீடு ஒன்றுகூட வரவில்லை. ரோடு மட்டும் குறுக்கும் நெடுக்கும் கறுப்பாகக் கிடந்தது. அதில் மண் நிரப்பிய பிளாஸ்டிக் குடங்களை வளைத்து வளைத்து வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். குடம் சாய்ந்தால் நேரத்தில் கொஞ்சம் கூட்டுவார்கள். மனை விற்கிறவர் உங்களை விரட்டவே இல்லை. மனை பார்க்க வருகிறவர்களிடம், "பாருங்க, எம்மாம் காரு வந்து நிக்குது" என்று உங்களைத்தான் காட்டுவார்.

"இதுக்குப் பேரு ஆட்டோகிராஸ் மாமா," என்றாய்.

"குடத்தச் சுத்தறதுக்குப் பேரு வேறயா? எங்கூர்ல மாடு சுத்தும், செக்குன்னு சொல்லுவோம்."

"செக்கு மாட்டுக்கு டயரு தேயாது மாமா. எனக்குத் தேயுது."

என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, நேரம் பார்க்கிற உத்தியோகம் தந்தாய். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் போனவனுக்குக் கணக்கு உத்தியோகம்! இன்னொரு வேலையும் கொடுத்தாய். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் டயரின் தோள்பட்டையில், தரை படுகிற பாகம் முடிகிற விளிம்பில், சாக்பீஸால் கோடு போட வேண்டும். நீ சுற்றி வந்ததும் இறங்கிப் போய்க் குந்தி, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பாய். திருப்பத்தில் டயர் எவ்வளவு சாய்ந்தது என்று அது சொல்லிவிடுமாம். சாமி கும்பிடும்போதுகூட நீ அவ்வளவு பணிவாகக் குந்தியதில்லை.

ஆரம்பத்தில் நீயும் நானும் ஒரே முட்டாள்கள்தான். கார் வாங்கும்போது வந்த டயர் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் அகலம். அதைக் கழற்றிவிட்டு, அதே பழைய ரிம்மில் நூற்றுத் தொண்ணூற்றைந்தைத் திணித்தோம். அகலம் கூடினால் பிடிப்பு கூடும், அவ்வளவுதானே என்று நினைத்தோம். ஒல்லியான ரிம்மில் குண்டு டயர் பானை மாதிரி உப்பிக்கொண்டது. திருப்பத்தில் கால் மடங்குகிற மாதிரி மடங்கியது. அன்றைக்கு நீ சாய்த்த குடங்களை அடுக்கினால் ஒரு கல்யாணத்துக்குத் தண்ணீர் வைத்திருக்கலாம். சாக்பீஸ் கோடு முழுசாக அழிந்து, டயரின் பக்கத்தில் இருந்த எழுத்துவரை தேய்ந்திருந்தது.

நீ அதைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "டயரு அகலத்த மட்டும் பாத்தேன் மாமா. அது உக்கார்ற எடம் எம்மாம் அகலம்னு பாக்கல."

அப்புறம்தான் அகலமான ரிம் வாங்கினாய். அதில் அதே டயர் நேராக, சதுரமாக நின்றது. காரும் நீ நினைத்த இடத்தில் திரும்பியது. ஆனால் வேலைக்குப் போக அதைப் போடவில்லை. அதுதான் நம் வழக்கம். ஞாயிறு காலையில் என் வாசலுக்கு வருவாய். டிராக்டர் ஜாக்கியை வைத்துத் தூக்கி, குறுகலான நாலு சக்கரத்தைக் கழற்றி அகலமான நாலையும் மாட்டுவோம். சாயங்காலம் திரும்ப வந்து மாற்றுவோம். உன் அக்கா வடை சுட்டு வைப்பாள். கை கறுப்பாக இருக்கிறது என்று அவளே உன் வாயில் போடுவாள். எனக்கும் கை கறுப்புதான். என்னைத் தட்டில் இருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வாள்.

ஒருமுறை நான் கேட்டேன். "இன்னாத்துக்குடா இந்தப் பாடு? அகலம் நல்லதுதான? என் டிராக்டரப் பாரு. எவ்ளோ அகலமோ அவ்ளோ நல்லது. சேத்துல அழுந்தாது, மேலயே மெதந்துனு போவும்."

நீ நட்டை முறுக்குவதை நிறுத்தினாய். "அதான் மாமா. கழனியில மெதந்தா பொழச்ச. ரோட்டுல மெதந்தா..." என்று இழுத்துவிட்டு, முடிக்காமல் சிரித்தாய். பிறகு விளக்கினாய். ஓடுகிற டயர் தனக்கு முன்னால் இருக்கிற தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். குறுகலான டயருக்கு ஒதுக்குகிற தண்ணீர் குறைவு, அது கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு தாரைத் தொட்டுவிடும். அகலமானது ஒதுக்க முடியாமல் தண்ணீர்மேலேயே ஏறிவிடும். அப்புறம் ஸ்டீயரிங் உன் கையில் இருக்கும், கார் உன் கையில் இருக்காது. இவ்வளவும் நீ சொன்னது மச்சான். இந்த வட்டாரத்தில் இதை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. தெரியாமல் போனவனுக்காக அழலாம். தெரிந்து போனவனை என்ன செய்வது?

அந்த ஞாயிறு உனக்கு ஒரு நேரம் விழுந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் அதுவரை யாருக்கும் விழாத நேரம். நான்தான் போனைப் பிடித்திருந்தேன். நான் தப்பாக அமுக்கிவிட்டேன் என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள், இன்னொருவர் போனிலும் அதே நேரம் இருந்ததைப் பார்க்கும்வரை. நீ காரைவிட்டு இறங்கி அதன் கூரையைத் தட்டினாய், மாட்டைத் தட்டுகிற மாதிரி. "இனிமே நான் சொல்றத இது கேக்கும் மாமா," என்றாய். உன் கண் என் பக்கம் இல்லை, டயர் பக்கம் இருந்தது.

அன்று சாயங்காலம் நீ சக்கரம் மாற்ற வரவில்லை. அடுத்த வாரம் வந்து, "மாத்தி மாத்திப் போட்டு நட்டு மரையே தேஞ்சுடும் போல. ரெண்டுக்கும் இதுவே போதும் மாமா, நான் பாத்துக்கறேன்," என்றாய். உன் அக்கா அகலச் சக்கரம் நாலுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். நீ காரை முன்னால் எடுத்தாய். மூன்று நசுங்கின. ஒன்று மட்டும் நசுங்காமல் பிதுங்கி, உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. "அகலமான டயரு மாமா, எலுமிச்சம்பழத்துக்கே புடி கெடைக்கல" என்று நீ சிரித்தாய். உன் அக்கா சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தின்மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவை வேறு இருந்தன. அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் திருப்பும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசிக் 'கிரக்' என்றது. ரோட்டில் லாரி ஓடித் தேய்ந்த தடம் இருந்தால் கார் நாய் மாதிரி அதை மோப்பம் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே போனது. குடத்தைச் சுற்றிச் சுற்றி டயரின் பள்ளக் கோடுகள் மழுங்கிக்கொண்டே வந்தன. ஐப்பசி பிறந்தது. தினமும் கிழக்கே கறுத்து, பெய்யாமல் கலைந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு காலை நேரத்து ஷிப்டு. முதல் பெரிய மழை. திருபுவனைக்கு இந்தப் பக்கம், நடுச்சுவர் ஓரம் தண்ணீர் வழிய இடமில்லாமல் நிற்கும் அந்த இடம். தண்ணீருக்கு அடுத்து, அதே ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னார், "வண்டி திரும்பவே இல்லீங்க. படகு மாதிரி நேரா போச்சு." அவருக்கு நீ யாரென்று தெரியாது. நீ முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அவர்தான் என்னிடம் முடித்துக் கொடுத்தார்.

உன் பக்கத்துக் கதவு இருந்த இடம் தெரியவில்லை. சக்கரங்கள் நாலும் கீறல் இல்லாமல் மழையில் பளபளவென்று இருந்தன.

சரி. டயர் கடைக்கு வருகிறேன்.

கடைக்காரர் பாப்பாவிடம், "அகலமா போடும்மா, வண்டி ரோட்டோட ஒட்டினு சிங்கம் மாதிரி நிக்கும்," என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் பேச்சுக்கு மயங்குகிறவள் இல்லை. அதுதான் ஆபத்து. அவளிடம் காரணம் இருந்தது.

"அப்பா, மாமா தப்பு பண்ணது அகலத்துல இல்ல. தேஞ்ச டயர ஓட்னாரு, வேகமா ஓட்னாரு. நான் புது டயரு போடறேன், பள்ளம் ஆழமா இருக்குது. நூத்தித் தொண்ணூத்தஞ்சு வாணாம், நூத்தி எம்பத்தஞ்சு போட்டுக்கறேன். அதுக்கேத்த ரிம்மு. வேலைக்கும் அதான், வெளையாட்டுக்கும் அதான். மழையில மெதுவா போவேன். இதுல இன்னா தப்பு, சொல்லு?"

தப்பு ஒன்றும் இல்லை மச்சான். நானும் தேடிப் பார்த்தேன். ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் 'வேலைக்கும் அதான், வெளையாட்டுக்கும் அதான்' என்று அவள் சொன்னபோது முகவாயை லேசாகத் தூக்கினாள். அது அவள் முகவாய் இல்லை, உன்னுடையது. எனக்குப் படிப்பு இருந்திருந்தால் ஏதாவது கணக்குக் காட்டியிருப்பேன். இல்லாததால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு செட்டு போடு. வேலைக்குப் பழைய அகலமே இருக்கட்டும். அகலமானது ஞாயித்துக்கெழமைக்கு."

"வாராவாரம் யாரு மாத்தறது? நான் ஷிப்டு முடிச்சு வந்து ஜாக்கி புடிக்கணுமா?"

"நான் மாத்தறேன்."

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "பெரியவரே, இப்பதான் ஒங்கள டயர்லேருந்து எடுத்தோம்!"

"அதனாலதான் சொல்றேன். டயரு உள்ள வெளிய ரெண்டும் எனக்குத் தெரியும்."

பாப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சாமானை அளக்கும்போது பார்க்கிற பார்வை. பிறகு கடைக்காரரிடம், "ரெண்டு செட்டு," என்றாள். "ஆனா அப்பா, அங்க போயி மாத்தணும், அங்கயே திரும்ப மாத்தணும். அகலமானத போட்டுனு நான் ஊருக்குள்ள ஓட்டமாட்டேன். போதுமா?" என்றாள். போதும் என்றேன். அவளாகவே அதைச் சொன்னதில் எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு சீராக வந்தது.

நேற்று ஞாயிறு. நாலு சக்கரத்தையும் ஜாக்கியையும் என் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். மனையிடம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு வீடும் எழும்பவில்லை. ஆனால் முன்னே வாய்க்கால் ஓடிய இடத்தில் தார் உள்வாங்கியிருக்கிறது. போன மழைத் தண்ணீர் அங்கே இன்னும் பாசியோடு நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் குடம் வைத்திருந்தார்கள். உன் பழைய கூட்டாளிகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். போனை எடுத்து நீட்டினார்கள். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அகலச் சக்கரத்தை மாட்டினேன். மூன்றாவது நட்டிலேயே முதுகு 'கடக்' என்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பாப்பா தானே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு ஏறினாள். முதல் சுற்றில் இரண்டு குடம் போனது. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது சுற்றில் ஒரு குடமும் அசையவில்லை. நீ திருப்பத்தில் காரை அதட்டுவாய் மச்சான். அவள் அதட்டவில்லை. கேட்டுக் கேட்டுத் திருப்பினாள். கார் சத்தமே இல்லாமல் குடத்துக்கும் குடத்துக்கும் நடுவே நழுவி வந்து நின்றது. நான் போனை அமுக்கினேன். அதில் இருந்ததைப் பார்த்தேன். உடனே அழித்துவிட்டு, "சரியா அமுக்கல" என்று சொன்னேன். இந்தமுறை வேறு யாரும் போன் பிடித்திருக்கவில்லை. கூட்டாளிகள் என்னைத் திட்டினார்கள். கிழவனுக்கு விரல் நடுங்குகிறது என்றார்கள். ஆமாம் என்றேன்.

பாப்பா இறங்கி வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. வானத்தைப் பார்த்தாள்.

"மழ வர்ற மாதிரி இருக்குதுப்பா. நீ குனிஞ்சு நிமுந்து கஷ்டப்படாத. இன்னிக்கு ஒரு நாளு இப்படியே ஓட்டினு வந்துடட்டா? மெதுவாதான் வருவேன். வூட்டுல மாத்திக்கலாம்."

ஜாக்கியை எடுத்துக் காருக்கு அடியில் தள்ளினேன். அவள் என் பக்கத்தில் வந்து குந்தி, நட்டுகளை வாங்கித் துண்டில் போட்டுக்கொண்டாள். மூன்று சக்கரம் மாற்றி நாலாவதை மாட்டும்போது காற்று நின்றுவிட்டது. மனைக்கற்கள் எல்லாம் அந்த மங்கலில் வெளேரென்று தெரிந்தன.

"அப்பா, மாமாவுக்கும் நீதான டைம் பாத்த?"

"ம்."

"அவரு நல்லா ஓட்ன அன்னிக்கு எவ்ளோ வந்துச்சு?"

"ஞாபகம் இல்லடி. அது ஆயிப்போச்சு எம்மாம் காலம்."

"நான் அவருகிட்டயாவது வந்தேனா?"

"நட்ட குடு. மழ வந்துடும்."

நட்டைக் கொடுத்தாள். முறுக்கினேன். ஒருதடவை முறுக்கி, மறுபடி எல்லாவற்றையும் முறுக்கினேன். முதல் துளிகள் தார்மேல் விழுந்து பெரிது பெரிதாகக் கறுத்தன. அவள் காரை எடுத்துக்கொண்டு வளைவுக்கு வெளியே போய், ஊர்ப்பக்கம் திரும்பினாள். நான் டிராக்டரைக் கிளப்பாமல், அகலச் சக்கரங்களோடு மழையில் நின்று அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது மச்சான். கடைசிப் புள்ளிவரை ஞாபகம் இருக்கிறது. அவள் உன்னை முந்திவிட்டாள்.